மலை, மேகம், மோட்டார் ரூம்

இயற்கைக் காட்சி எடுக்கும் தொழிலில் முக்கால் பங்கு சும்மா நிற்பது. மீதிக் கால் பங்கு, ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. ஸ்டாண்டில் கேமராவை மாட்டிவிட்டு ஒரு மேகத்துக்காக அரை நாள் வெயிலில் காய்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்தூரில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. தொண்ணூறுகளில் ஊரே குவைத்துக்கும் பெங்களூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்ததால் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் பஞ்சமில்லை. எனக்குச் சோறு போட்டது அந்த முகங்கள்தான். ஆனால் பிடித்ததோ முகமே இல்லாத படம். ரோலில் நாலைந்து ஃபிலிம் மிச்சமிருந்தால் போதும், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரி, மலை என்று கிளம்பிவிடுவேன். மின்கம்பம், கம்பி, சிமென்ட் ஷீட், ஆள் எதுவும் படத்துக்குள் வரக் கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏரிக்கரையில் ஒருவர்

வெதுருகுப்பம் போகும் வழியில் ஓர் ஏரி. தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். அதன் மேல் ஒரு மேகம் வந்து நின்றால் படம் முடிந்தது. மேகமும் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்குள் சைக்கிளில் போன ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டார். சைக்கிளைச் சாய்த்தார், மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார், தலையை வாரிக்கொண்டார், சரியாக நடுவில் வந்து விறைப்பாக நின்றார்.

கொஞ்சம் தள்ளுங்கள் என்றேன். தள்ளி, இன்னும் நடுவுக்கு வந்தார். நான் எடுப்பது உங்களை இல்லை, மலையை என்று விளக்கினேன். திரும்பி மலையை ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மேகம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது: "மலை எங்க போயிடும் சார்? நாளைக்கும் இங்கதான் கீது. நான்தான் நாளைக்கு பெங்களூரு போறேன், என்னை எடு."

லாட்ஜில் ஏறிய மலை

திருப்பதியில் ஒரு லாட்ஜ் முதலாளி, வரவேற்பறையில் மாட்ட ஏழுமலைத் தொடரைப் பெரிய படமாகக் கேட்டார். மழை விட்ட ஒரு காலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையைக்கூடத் தவறவிட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு போய் எடுத்தேன். இடது பக்கப் பள்ளத்தாக்கை வேண்டுமென்றே இருட்டாக விட்டிருந்தேன். அந்த இருட்டு இல்லையென்றால் மற்ற பக்கத்து வெளிச்சத்துக்கு மதிப்பில்லை.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் படத்துக்கு மாலை, கீழே விளக்கு, கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம். என் இருட்டின் மேல் ஒரு முழ நீளத்துக்கு நாமம். மலையே சாமி என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார்: "அந்தப் பக்கம் நீங்க சரியா எடுக்கல சார், ஒரே இருட்டு, சீகட்டியா இருந்திச்சி, அதான் நான் நாமம் போட்டு சரி பண்ணேன்."

ஆள் வேண்டாத ஆள்

கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்பவர் வந்தார். தலைமுறையாக அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போன குடும்பம். மனைவி தனம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்து, அந்தச் சம்பாத்தியத்தில் முதல் தடவையாகச் சொந்த நிலம் வாங்கியிருந்தார்கள். தனம்மா அதைப் பார்த்ததே இல்லை; படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவளுக்கு ஒப்பந்தம் முடியப்போகிறது. போர் போட்டுத் தண்ணீர் வந்தால் ஊருக்கு வந்துவிடுவாள், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயேதான் என்று பேச்சு. போர் போட்டாயிற்று, தண்ணீரும் வந்தாயிற்று. நான் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தேன். என் கண்ணெல்லாம் மலை மேல் இறங்கிய மாலை வெயிலில் இருந்தது.

நிலத்தின் மூலையில் பூசாத செங்கல்லில் மோட்டார் ரூம். மேலே சிமென்ட் ஷீட், சுவரில் தேர்தல் போஸ்டர், பக்கத்தில் சாய்ந்த மின்கம்பம். கொள்கைப்படி அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே வேர்க்கடலைச் செடி, வரப்பு, தூரத்து மலை, பொன்னிற வெயில். அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அப்படி ஒரு படம் அமையவில்லை. நீங்களும் நிற்கப்போகிறீர்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். முனிரத்தினம் சிரித்தார்: "நான் எதுக்கு சார்? என்னைத்தான் அவளுக்குத் தெரியுமே."

காணாமல் போன மோட்டார்

மூன்று வாரம் கழித்து அவர் கடைக்கு வந்து, பாஸ்போர்ட் படத்துக்காகப் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தார். படம் கிடைத்ததும் தனம்மா பக்கத்து வீட்டுக்குப் போன் செய்திருந்தாள். நிலம் இருக்கிறது, மோட்டார் எங்கே? கம்பம் எங்கே? வேர்க்கடலை வெறும் மழையை நம்பி மானாவாரியிலும் வரும், சின்ன வயதிலிருந்து களை எடுத்த எனக்கே கதை சொல்கிறாயா? இதெல்லாம் அவள் கேட்ட கேள்விகள்.

முனிரத்தினம் ஏற்கெனவே ஒரு தரம், விற்ற ஆட்டைச் செத்துப்போயிற்று என்று சொல்லி மாட்டிக்கொண்டவர். அதனால் இந்தத் தடவை அவர் உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று அந்த வீட்டு மேடத்திடம் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் மேடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டுமாம். நிலத்தை எடு என்றால் மோட்டார் ரூமை விட்டுவிட்டு எடுக்கும் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று அந்த மனிதர் எப்படி நினைப்பார்? எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படக்கூட இல்லை: "அழகுக்கோசரம் என் மோட்டாரை உட்டுட்டியே சார், இப்ப பொண்டாட்டியும் வரமாட்டேன்றா."

உச்சி வெயில்

வெள்ளிக்கிழமை ஒருவர் குவைத்துக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் புதுப் படம் போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை போனோம். மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்டு வேண்டும்; அந்த வாரம் அவர்கள் ஊருக்குக் கரண்டு நடுப்பகலில்தான். நிழலே விழாத அந்த நேரத்தில் நான் கேமரா பையைத் திறந்ததே கிடையாது. அன்று பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய கரண்டு ஒன்றரைக்கு வந்தது. மேகத்துக்குக் காத்திருந்த எனக்குக் கரண்டுக்குக் காத்திருப்பது மட்டும் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, வராமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததால்.

குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் முனிரத்தினம் சட்டையோடு அதன் கீழே போய் நின்றார். ரூம், ஷீட், போஸ்டர், கம்பம், குறுக்கே ஓடும் கம்பி, நனைந்த ஆள். நான் ஒதுக்கி வந்ததெல்லாம் ஒரே படத்தில் இருந்தது. முதல் படத்தில் மலை இருந்த இடத்தில் இப்போது வெளுத்த வானம். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிவிடலாமா என்று பார்த்தேன். அவர் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார்: "எல்லாம் உள்ள வந்திச்சா சார்? அந்த சாஞ்ச கம்பத்தையும் உட்டுடாதே!"

இறக்கிய படம்

இரண்டு மாதம் கழித்து தனம்மா கடைக்கு வந்தாள், பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு. முனிரத்தினம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. கூடவே ஒரு சின்னப் பெருமையும் வந்து தொலைத்தது. அந்த மாலை வெயில் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருந்தேன். உங்கள் நிலம்தான் அம்மா, எப்படி இருக்கிறது என்று காட்டினேன். அவள் அதைக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் கீது சார், ஆனா எறக்கிடு. இதைப் பாத்துக்கினு மூணு நாளு நான் சோறு துன்னல."

அன்றே இறக்கிவிட்டு, அந்த ஆணியில் உச்சி வெயில் படத்தை மாட்டினேன். மலையும் மேகமும் எடுப்பதில் கெட்டிக்காரன் என்று இன்றுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை, 'மோட்டார் ரூமு சூப்பரா எடுப்பாரு' என்ற பெயர் மட்டும் வெதுருகுப்பம் வரைக்கும் பரவியிருக்கிறது.