நம்பர் ஏறவில்லை, என் நிம்மதி போனது

என்னைத் தூங்க விடாத ஆண்டவருக்கு முதலில் நன்றி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் சகாய மேரி. மணவாளக்குறிச்சியை அடுத்த கடற்கரை ஊர். வீட்டுக்காரர் கிளீட்டஸ் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். நான் திங்கள்சந்தையில் மீன் விற்கிறேன். போன வருடம் தவக்காலம் தொடங்கும்போது அவருக்குக் கண் மஞ்சளித்தது. உடம்பெல்லாம் அரிப்பு. மஞ்சள்காமாலைதானே என்று எல்லோரும் செய்வது போலக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாத கஞ்சி வைத்தேன். கடலுக்குப் போகிறவருக்கு உப்பில்லாத கஞ்சி வைத்தால் என்ன பேச்சு வாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அத்தனையும் வாங்கினேன். மஞ்சள் மட்டும் இறங்கவில்லை.

நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, அது பித்தக் குழாயை அடைத்ததால்தான் மஞ்சள் என்றார்கள். புற்றுநோய். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துப்போனது. ஈஸ்டர் முடிந்த கையோடு திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. காலையில் உள்ளே கொண்டுபோனவரைச் சாயங்காலம்தான் கண்ணில் காட்டினார்கள். கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, ஆனால் பக்கத்தில் ஒரு நெறிகட்டியில் நோய் இருந்தது என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாதது எங்காவது மிச்சம் இருக்கலாம், அதனால் ஆறு மாதம் கீமோ மருந்து ஏற்ற வேண்டும், பாதியில் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதலிலிருந்தே அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். சி.ஏ. 19-9 என்று அதற்குப் பெயர். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த நம்பர் ஏறும், நோய் அடங்கினால் இறங்கும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித் தந்தார்கள். ஒருவருக்கு நூறு, ஒருவருக்கு ஆயிரம். கிளீட்டசுக்கு இரண்டுக்கும் கீழே. நான் அங்கேயே முழங்கால் போட்டேன்.

எங்கள் அன்பியத்தில் வாராவாரம் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அதன் தலைவி பிலோமினா அக்கா. அவர்கள் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் ஊரே முழங்காலில் நிற்கும். நம்பர் ஏறக் கூடாது என்பதுதான் எல்லோருடைய மன்றாட்டும். வாசலில் என்னைக் கண்டதும் சாளை மீனுக்கு விலை கேட்கிற மாதிரி, "இப்ப எவ்வளவு?" என்று கேட்பார்கள். நானும் பெருமையாகச் சொல்வேன். மறுபடியும் இரண்டுக்குக் கீழே என்றதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டவர் சுகம் தந்துவிட்டார், நன்றித் திருப்பலி வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தோம். தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தோம்.

அங்கேதான் பிடித்தது வினை. எங்கள் பக்கத்தில் நன்றிப் பூசை வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் மருந்து எடுத்தால் சுகம் கொடுத்த ஆண்டவரைச் சந்தேகப்படுவது போல. அக்காவும் அப்படித்தான் சொன்னார்கள். கிளீட்டசுக்கு அது வாய்க்கு வெல்லம். மருந்து ஏற்றிய நாளிலிருந்து அவரால் ஐஸைத் தொட முடியவில்லை, தொட்டால் விரலெல்லாம் ஷாக் அடித்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகியது. ஐஸைத் தொடாமல் என்ன மீன் தொழில்? அடுத்த மருந்துக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. அவர் போட்டைச் செப்பனிடத் தொடங்கினார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. சந்தையில் மிச்சக் காசை மாற்றிக் கொடுத்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அவர் தூங்கும்போது இமையைத் தூக்கி வெள்ளை விழியைப் பார்த்து, நல்ல திட்டு வாங்கினேன். எதுக்கு இந்த வெப்ராளம், எதுக்கு இந்தப் பதற்றம், உனக்கு விசுவாசம் போதாது என்று அக்கா சொன்னார்கள். அது உண்மைதானோ என்று இன்னும் பயந்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

ஒரு நாள் விடிகாலை, சந்தைக்குப் போகும் வழியில் கடற்கரையில் மாதா சுரூபம் இருக்கும் கெபி முன்னால் கூடையை இறக்கிவைத்தேன். அம்மா, உன் மகனிடம் கேள், ஒன்று எனக்கு நிம்மதியைத் தரட்டும், இல்லையென்றால் ஏன் தரவில்லை என்று காட்டட்டும் என்றேன். அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது.

அன்றைக்கே, மீன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். கீமோ வார்டு நர்ஸ். ஏன் வரவில்லை என்று கேட்டார். நம்பர் இரண்டுக்குக் கீழே சிஸ்டர், அதான் நிறுத்திவிட்டோம் என்றேன்.  உடனே போனை டாக்டரிடம் கொடுத்தார். அவர் மலையாளி, பைய நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"சேச்சி, சில பேரோட உடம்பு பிறவியிலேயே இந்த டெஸ்ட்ல அளக்கிற பொருளை உண்டாக்காது. இவர் அப்படிப்பட்ட ஆளுன்னு நினைக்கிறேன். உள்ள கட்டி இருந்தப்பவே நம்பர் இதேதான். நோய் திரும்ப வந்தாலும் இதேதான் காட்டும். இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது."

ஆரம்பத்திலேயே இந்த நம்பரைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லித்தான் இருந்தாராம். எங்கள் காதில் எண் மட்டும் விழுந்திருக்கிறது. இத்தனை வாரம் ஊர் கூடி ஏறக் கூடாது என்று மன்றாடியது, ஏறவே தெரியாத ஒன்றுக்காக. மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கிளீட்டஸ் கரையில் இருந்தார். மறுநாள் கடலுக்கு இறங்குவதாக ஏற்பாடு. எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கறுத்தது.

"பூசை வச்சு நன்றி சொல்லியாச்சு ஏட்டி. இனி மருந்துக்குப் போனா ஊரு என்ன நினைக்கும்?"

"ஊருக்கு நான் சொல்லுவேன்," என்றேன்.

சாயங்காலம் அன்பியத்தில் எழுந்து நின்று சொன்னேன்.  யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியானால் நம் ஜெபம் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டார்.  பிலோமினா அக்கா தலையைக் குனிந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு எழுந்து போனார்கள். ஒரே அறையில் அத்தனை பேரும் என்னைக் கைவிட்ட மாதிரி இருந்தது.

கிளீட்டஸ் என் பேச்சைக் கேட்கவில்லை; மறுநாள் விடியும்போது அவரும் கூட்டாளிகளும் கரையில் போட்டைத் தள்ளத் தயாராக நின்றார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அக்கா மணலில் வேகமாக நடந்து வந்தார்கள். நேரே போட்டின் முன்னால் போய் நின்றார்கள்.

"நான் தப்பாட்டு சொல்லிட்டேன் மக்கா. நன்றி சொன்னது சரிதான். மருந்த விடச் சொன்னது எனக்க தப்பு. நானும் கூட வாறேன். வண்டி ஏறு."

கூட்டாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த வயதில், ஊரில் அவ்வளவு நல்ல பெயர் உள்ள ஒருவர் அப்படிச் சொன்னார்கள். கிளீட்டஸ் கடலைப் பார்த்தார். பிறகு போட்டைவிட்டுக் கையை எடுத்தார். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சகோதர சகோதரிகளே, ஆவியானவர் சமாதானம் தருவார் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு அவர் சமாதானத்தைத் தராமல் பிடித்துவைத்துக்கொண்டார். தந்திருந்தால் நானும் பாயசம் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன். இதுதான் என் சாட்சி.

மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அன்பியத்திலிருந்து யாராவது ஒருவர் துணைக்கு வந்தார். இப்போது யாரும் நம்பர் கேட்பதில்லை. இன்றைக்குச் சாப்பிட்டாரா, வாந்தி நின்றதா என்று கேட்டு, அதற்காக ஜெபிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து மருந்து முடிந்தது. இதுவரை எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. முழுவதும் குணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மருந்தால் வந்த விரல் மரப்பு இன்னும் இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் போய்விட்டு வருகிறார். மாதாவுக்குக் கோடி நன்றி.

உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால் நம்பி ஜெபியுங்கள். கேட்டது கிடைத்தால் தாராளமாக நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு அடுத்த மருந்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே ஏதோ உறுத்தினால், விசுவாசக் குறைவு என்று அதன் வாயை அடைக்காதீர்கள். அதையும் ஆண்டவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

அடுத்த ஸ்கேன் வருகிறது. எனக்கு மறுபடியும் இருப்புக்கொள்ளவில்லை. வர மாட்டேன் என்று கிளீட்டஸ் இப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டார். இந்த மனிதர் என்னோடு இன்னும் ரொம்பக் காலம் சண்டை போட வேண்டும் என்று நீங்களும் மன்றாடிக்கொள்ளுங்கள்.