வெர்னா ஒப்பிட்ட மூன்று கணக்குகள்

ஒஹாயோவில் லைமா நகருக்கு வெளியே, படகு ஏற்றும் டிரெய்லர் செய்கிற பட்டறை ஒன்றில் வெர்னா ஸ்ட்ரூப் இருபத்திரண்டு வருஷம் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். சம்பளம், லீவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவள் மேஜைதான். முப்பத்தெட்டுப் பேரில் யார் பிள்ளைக்குப் பல்லில் கம்பி, யார் மனைவிக்கு மூன்றாவது மாதம் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொன்னதில்லை.

ஒரு வருஷம் காப்பீட்டுக் கட்டணம் ஒரேயடியாக ஏறியது. முதலாளி கென்ட், "மலிவா ஏதாவது பாரு வெர்னா. இல்லேன்னா ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் ஒதுக்க மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் அவள் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதினாள். முதலாவதில் முதலாளி தன் பணத்தில் பில் தொகையைத் திருப்பித் தருவார். ஆள் வேலையை விட்டால் மிச்சம் அவருக்கே. இரண்டாவது, தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது. வருஷத்துக்குள் செலவழிக்காவிட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் வருஷம் முழுக்கப் பிடிக்கப்போகிற தொகையை ஜனவரி முதல் தேதியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது சேமிப்புக் கணக்கு. போட்டது என்றைக்கும் தொழிலாளியுடையது, வேலை மாறினாலும் கூடவே போகும். ஆனால் சேர்ந்த அளவுதான் எடுக்க முடியும். அதோடு, முதல் ஐயாயிரம் டாலர் வைத்தியச் செலவை நோயாளியே சுமக்கிற மலிவான காப்பீட்டில் இருந்தால்தான் அந்தக் கணக்கே உண்டு.

கென்ட் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். தன் பங்காக மாதம் ஐம்பது டாலர் போடுவதாகச் சொன்னார். வெர்னாவுக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. சாப்பாட்டு அறையில் டோனட் பெட்டிகளை அடுக்கி, "இது உங்க பணம், யாராலும் பிடுங்க முடியாது" என்று மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

ராய்ஸ் டில்மன் வெல்டர். ஐம்பத்தொரு வயது, பெரிய உடம்பு. பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் அவள் ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"வெர்னா, எமர்ஜென்சிக்குப் போனா எவ்வளவு ஆகும்?"

"யாருக்கு?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்." வலது கை இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் எல்லாம் சேத்தா நாலாயிரம் வரைக்கும் போகும். அத்தனையும் உன் கைக்காசு."

"என் கணக்குல எவ்வளவு கெடக்கு?"

அவள் பார்த்தாள். "நூத்தி எண்பது."

ராய்ஸ் சிரித்தான். "சரி, காசு சேர்ற வரைக்கும் நெஞ்சைப் பொறுத்துக்கச் சொல்றேன்."

"விளையாடாதே ராய்ஸ். போய்க் காட்டு."

அப்போது தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டுத் தலைநிமிர்ந்தபோது அவன் இல்லை. மறுநாள் காலை வீட்டு வாசலில், வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து இறந்துபோனான்.

மூன்று வாரம் கழித்து அவன் மனைவி நதீன் வந்தாள். கணக்கிலிருந்த பணம் அவள் பெயருக்கு மாறக் கையெழுத்து வேண்டியிருந்தது. பேனாவைக் கையில் வைத்தபடி கேட்டாள்: "அவரு உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்தப் பேச்சைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. வெர்னா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நாலாயிரம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அவரு வண்டியை நேத்து ஒன்பதாயிரத்துக்கு வித்தேன் வெர்னா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வித்திருப்பேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் கடையில் வெர்னாவைக் கண்டால் தள்ளுவண்டியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெர்னா அந்த வாரமே கென்ட் அறைக்குப் போனாள். "உங்க வருஷப் பங்கு அறுநூறு டாலரை ஜனவரியிலயே மொத்தமாப் போட்டுடுங்க. சட்டத்துல இடம் இருக்கு. நான் அன்னிக்கே கேட்டிருக்கணும், கேக்கலை."

"வாங்கிட்டு எவனாவது பிப்ரவரியில வேலையை விட்டு ஓடிட்டான்னா?"

"ஓடட்டும் கென்ட். ராய்ஸ் பத்தொன்பது வருஷம் இங்கயே கெடந்தான்."

கடைசியில் பாதி ஜனவரியில், பாதி ஜூலையில் என்று இறங்கி வந்தார். முந்நூறு டாலரில் எதுவும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் நெஞ்சு, மூச்சு என்று யார் ஜன்னலுக்கு வந்தாலும் அவள் விலை சொல்வதில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அப்படி மூன்று பேரைத் தானே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டாள். ஒருவனுக்கு அடைப்பு இருந்தது, பிழைத்தான். இன்னொருத்திக்கு ரத்த அழுத்தம். மூன்றாமவன், பெயின்ட் அடிக்கிற ஆர்லோவுக்கு வெறும் வாயு. பில் மூவாயிரத்து நூறு வந்தது. "ஒரு மாத்திரையில போயிருக்கும். ஒன்னால என் சமையலறைத் தரை, மாத்தக் காசில்லாம அப்படியே கெடக்கு" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். வெர்னா ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, அந்தப் பில்லைத் தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்துகொடுத்தாள். ஆர்லோ அதைக் கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. அதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை.