அம்மன் காணிக்கையை வண்டிக்கூலி என்றார்கள்

எங்கள் ஜீப்பு போடிமெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்தது எண்பத்து மூன்றாம் வருடம், ஆவணி மாதம். அதைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. என் அப்பாவைப் பொய்யர் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பழியை அம்மன் எப்படித் துடைத்தாள் என்பதை, அவளை நம்புகிற உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ராசிங்காபுரம். மழை பொய்த்து மானாவாரிக் காடு கைவிட்டதால் அப்பா மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காய் எடுக்கும் பெண்களைக் காலையில் மேலே கொண்டுபோய், பொழுது சாயக் கீழே இறக்கிவிடுவதற்காகவே பழைய ஜீப்பு ஒன்றை வாங்கினார். சொந்த உபயோக வண்டி என்று இன்சூரன்சும் கட்டினார். ஏறுகிறவர்கள் எங்கள் தோட்டத்து ஆட்கள். அவர்களிடம் அப்பா வண்டிக்கூலி என்று ஒரு பைசா வாங்கியதில்லை.

அன்று நல்ல மழை. இறங்கும்போது அப்பா ஓட்டிய ஜீப்பு எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, ஈர மண்ணில் சறுக்கி, ஓரச் சுவரில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. அப்பாவின் வலது கால் முறிந்தது. உள்ளே இருந்த பெண்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். செல்லம்மா அக்காவுக்கு மட்டும் தோள்மூட்டு இறங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து ஜீப்புகளில் ஏறியவர்களுக்கு ஒன்று தெரியும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அம்மன் படம் ஒட்டிய தகர டப்பா ஒன்று தொங்கும். மலை ஏறுமுன் அடிவாரத்து ஊரான முந்தலில், அம்மன் கோயில் பக்கம் டிரைவர் வண்டியை நிறுத்தி, டப்பாவைப் பின்னால் நீட்டுவார். ஆளுக்கொரு காசு போடுவார்கள். போடாமல் முதல் வளைவில் யாரும் வண்டியைத் திருப்புவதில்லை. பங்குனித் திருவிழாவில் அந்தக் காசு அந்த அம்மன் உண்டியலுக்குப் போய்விடும்.

மதுரையிலிருந்து வந்த இன்சூரன்சு அதிகாரி, நொறுங்கிய வண்டிக்குள் இந்த டப்பாவைக் கண்டார். குலுக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வேலுச்சாமியிடம் இது என்ன என்று கேட்டார்.

வேலுச்சாமி எனக்குப் பங்காளி வழியில் சித்தப்பா. வாடகை ஜீப்பு ஓட்டுகிறவர். அப்பா வண்டி வாங்கியபின் எங்கள் ஆட்கள் அவர் வண்டியில் ஏறுவது நின்றுபோனது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு ஆறவே இல்லை.

"வேறென்ன சார், தலைக்கு இம்புட்டுன்னு கூலி வசூல் பண்ற டப்பாதான். அம்மன் பேரைச் சொல்லி வாங்குறது, மடியில கட்டுறது" என்றார்.

புரட்டாசியில் கடிதம் வந்தது. வாடகைக்கு ஆள் ஏற்றிய வண்டிக்குப் பணம் கிடையாது என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போடியில் காலேஜும் முடித்தவள். நானே வாசித்துச் சொன்னேன். நானே ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். பதிலுக்குப் பதில் வராததால் மதுரைக்கு நேரில் போனேன்.

உட்காரச் சொல்லாமலே அந்த அதிகாரி கேட்டார்: "ஏம்மா, சாமிக்குக் காசுன்னா கோயில்ல போடுவாங்க. ஜீப்புல எதுக்குப் போடுறாங்க?"

"மலை ஏறுறது ஜீப்புதானே சார், கோயில் இல்லையே."

"வாய் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க சொந்தக்காரரே சாட்சி சொல்றாரே. வேணும்னா இன்னொரு தடவை வந்து இடத்தைப் பார்க்கிறேன். அதோட முடிஞ்சது."

ஊருக்குத் திரும்பினால் தண்ணீர்க் குழாயடியில் வேலுச்சாமியின் மனைவி, என் சித்தி, நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்டார்: "என்ன படிச்ச ஆத்தா, இங்கிலீசுல பேசிப் பணத்தக் கொண்டாந்துட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

மேலே காய் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆட்களைக் கொண்டுபோக வண்டி இல்லை. கார்த்திகைக்குள் வேலை நடக்காவிட்டால் தோட்டத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று தோட்டத்தின் சொந்தக்காரர் சொல்லி அனுப்பினார். அந்தத் தோட்டம் போனால் எங்களுக்கு வேறு பிழைப்பில்லை. அப்பா மாவுக்கட்டுக் காலோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"காலு போனாப் போகுது ஆத்தா. அம்மன் காசுல கை வச்சவன்னு ஊரு பேசுதே" என்றார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாக முந்தலுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்று கெஞ்சவில்லை. சண்டை போட்டேன். "உனக்குப் போட்ட காசைத் திருட்டுக் காசு என்கிறான் வேலுச்சாமி. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே? எங்களுக்குத் தோட்டம் வேண்டும். வண்டி வேண்டும். அதற்கு முன்னால் அவனே உண்மையைக் காட்ட வேண்டும். காட்ட வை. தீச்சட்டி எடுக்கிறேன்." அழுகை வந்தது. அழுதுவிட்டு மறுபடியும் திட்டினேன்.

ஐப்பசியில் ஒருநாள் காலை அதிகாரி போடிக்கு வந்து இறங்கினார். நானும் செல்லம்மா அக்காவும் பஸ் நிலையத்தில் காத்திருந்தோம். எங்களுக்கு முன்பே வேலுச்சாமி அங்கே நின்றார். "வாங்க சார், நம்ம வண்டியிலயே போயிரலாம்" என்று அவரை முன்சீட்டில் உட்கார வைத்தார். எங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னது அதிகாரிதான். சும்மா வண்டி எடுத்துப் பழக்கமில்லாத மனிதர் வேலுச்சாமி. எஸ்டேட்டுக்குப் போகும் கூலிப் பெண்களையும் பின்னால் அடைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. "அவரு ஆளே அப்படி சார். வாங்குற கை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அம்மனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தல் வந்தது. பேச்சை நிறுத்தாமலே வேலுச்சாமி பிரேக்கை மிதித்தார். கை தானாகப் போய் டப்பாவைக் கழற்றியது. பின்னால் நீட்டினார்.

"போடுங்க, போடுங்க, வெரசா!"

காசுகள் விழுந்தன. அடுத்து அதிகாரியின் மூக்குக்கு நேரே டப்பா போனது. "சார், நீங்களும் ஒரு காசு போடுங்க. ஆத்தாளுக்குப் போடாம மேல போகக் கூடாது."

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். "அப்ப வண்டிக்கூலி?"

பின்னால் இருந்த ஒரு கூலிக்காரப் பெண் முந்திக்கொண்டாள். யார் வழக்கும் அவளுக்குத் தெரியாது. "கூலி மேல எறங்குறப்ப கையில குடுப்போம் சார். இது சாமி காசு. இதுல எவனாச்சும் கை வப்பானா?"

வேலுச்சாமியின் நீட்டிய கை அப்படியே நின்றது. "அது... எங்க வண்டியில மட்டும் அப்படி, சார்" என்றார். அப்போது பின்னால் இன்னொரு ஜீப்பு வந்து நின்றது. அதன் டிரைவரும் டப்பாவைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

செல்லம்மா அக்கா நிதானமாகச் சொன்னார்: "ஏண்ணே, ஒனக்கு வாய்தான் பொய் பேசும் போல. கைக்குத் தெரியலயே!"

ஜீப்பு முழுவதும் சிரிப்பு. இந்த முறை நானும் சிரித்தேன்.

அதிகாரி ஒரு காசைப் போட்டார். விபத்து நடந்த வளைவில் இறங்கியதும், முன்பு சொன்னதை மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று வேலுச்சாமியிடம் கேட்டார். "எனக்குச் சோலி கெடக்கு சார்" என்று எங்களை அங்கேயே விட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்லம்மா அக்கா சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார். மூவரும் கீழே வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினோம்.

கார்த்திகை பிறக்குமுன் பணம் வந்தது. கேட்டதில் கொஞ்சம் வெட்டித்தான் கொடுத்தார்கள். தவறாக எழுதிவிட்டோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அதில் பழுதுபார்த்த ஜீப்பு, வேறு டிரைவர் ஓட்ட, மறுபடி ஓடியது. தோட்டம் எங்களிடமே நின்றது. அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்து, "ஆத்தா, கொஞ்சம் சோறு போடு" என்றார்.

பங்குனியில் தீச்சட்டி எடுத்தேன். படித்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். படித்ததால்தான் மதுரைவரை போய் எதிர்த்து நின்றேன். மதுரையில் முடியாததை அவள் முந்தலில் முடித்தாள். இரண்டையும் நான் மறைப்பதில்லை. வேலுச்சாமி வீட்டு வாசலில் சட்டியோடு கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன். வேண்டுமென்றுதான். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி அம்மனும் என்னிடம் இதுவரை கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் முந்தலுக்குப் போகிறேன். இன்சூரன்சுக்காரர்கள் திருப்பி அனுப்பியவர்கள் யாராவது அங்கே அழுதுகொண்டு நின்றால் பதில் கடிதம் நானே எழுதிக் கொடுக்கிறேன்.

உங்கள் மேலும் யாராவது பொய்ப் பழி போட்டிருந்தால் அவளிடம் வாருங்கள். பணிவாகக் கேட்டால்தான் காதில் விழும் என்று பயந்து நிற்காதீர்கள். நான் கோபத்தோடு போய் நின்றேன். அவள் என்னைவிடக் கோபமாக இருந்திருக்கிறாள்.