எந்தப் பக்கமும் இல்லாத வேன்

வாடகை வேன் ஓட்டுவது என்பது, அடுத்த வீட்டுச் சந்தோஷத்துக்கு நாம் கண்விழிப்பது. சொந்தபந்தத்தோடு ஒருநாள் டூர் போய், புளியோதரைத் தூக்குக்கும் அழுகிற பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, 'பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்' என்று ஒரு தடவையாவது நினைத்திருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். நான் வண்டி ஓட்டிய காலத்தில் ஊரில் எல்லாமே இரண்டாகக் கிடந்தது. நிலத்தில் மிராசுதார் பக்கம், குத்தகைக்காரர் பக்கம். அரசியலிலும் இரண்டு பக்கம், இரண்டுமே திராவிடக் கட்சி. வேன் மட்டும் ஒன்றுதான், அது என்னுடையது. ஒரு பக்கத்து ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் மறுபக்கத்தில் ஒருவரும் ஏற மாட்டார்கள். பாதி ஊரை நம்பி வேன் ஓட்ட முடியாது. விற்றுவிட்டுப் பழையபடி யார் லாரியிலாவது கிளீனராகப் போக வேண்டியதுதான். அந்தப் பயம் எல்லா டூருக்கும் என்னோடு வந்தது.

இரண்டு பெஞ்சு

அரிசி மில்லில் வேலை பார்த்த சிநேகிதர்கள் ஒரு கூட்டமாக நாகூர் கந்தூரிக்குக் கிளம்பினார்கள். பாதிப் பேர் ஒரு கட்சி, பாதிப் பேர் இன்னொன்று. ஏறும்போதே ஒருவர் கொடியை எடுத்து முன்கண்ணாடி ஓரம் செருகப் பார்த்தார். காற்றில் கண்ணை மறைக்கும் என்று ஏதோ சொல்லி வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

திருவாரூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினால் பாதிப் பேர்தான் இறங்கினார்கள். அந்தக் கடை பெஞ்சில் ஒரு கட்சிக்காரர்கள்தான் உட்காருவார்களாம். அங்கே கிடந்த பேப்பரும் அவர்கள் பேப்பர். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு வண்டியிலேயே இருந்தார்கள். சரி என்று கொஞ்ச தூரம் போய் அவர்களுக்கும் ஒரு கடையில் நிறுத்தினேன். திரும்பி வரும்போதும் இதே கதை. நான் மட்டும் எல்லாக் கடையிலும் இறங்கிக் குடித்தேன். ஒன்றில் குடித்து இன்னொன்றில் குடிக்காவிட்டால் அதுவே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடுமே. வயிறு கடமுடா என்றது. எந்தக் கடை டீ நன்றாக இருந்தது என்று ஊர் வந்ததும் ஒருவரைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "டீயெல்லாம் ஒண்ணுதாண்ணே. பெஞ்சுதான் வேற."

முன் சீட்

ரிடையரான வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு சுவாமிமலைக்கு வந்தார். ஆடி மாதம் கழிந்து மகள்கள் இருவரும் மாப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். வேனில் முன் சீட் மாப்பிள்ளைக்கு என்பது எழுதாத சட்டம். இங்கே மாப்பிள்ளைகள் இரண்டு, சீட் ஒன்று. "நீங்க உக்காருங்க சகலை", "இல்லை, நீங்கதான் பெரியவங்க" என்று வாயால் விட்டுக்கொடுத்தார்களே தவிர, இரண்டு பேரும் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. முகூர்த்தம் தப்புகிற மாதிரி மகள்கள் கையைப் பிசைந்தார்கள்.

வாத்தியார் உள்ளே போய்ப் புளியோதரை அண்டாவைத் தானே தூக்கி வந்து முன் சீட்டில் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டினார். மாப்பிள்ளைகள் இருவரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் சங்கடமாக அவரைப் பார்த்தேன். அவர் என் காதோரம் வந்தார்: "மாப்பிள்ளைங்க கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கலாம்ப்பா. புளியோதரை கொட்டுனா என்ன பண்றது?"

நடவாட்கள் பார்த்த கடல்

கூலித் தகராறு ஓய்ந்த வருஷம், நடவு முடிந்த கையோடு நடவுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வேளாங்கண்ணிக்கு வேன் பேசினார்கள். கிளம்புகிற நேரத்தில் மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, "என்ன கலியமூர்த்தி, இனிமே அவங்க வண்டியா இது?" என்றார். "காலியா இருந்தா யாரு வண்டியும்தாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தச் சைக்கிள் பின்னால் வருகிறதா என்று ஊர் எல்லை தாண்டும்வரை கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டினேன்.

அந்தப் பெண்களில் யாருமே அதுவரை கடல் பார்த்ததில்லை. அலையைப் பார்த்ததும் கூச்சல் போடுவார்கள் என்று நினைத்தேன். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயலில் இறங்குகிற மாதிரியே வரிசையாக இறங்கி நின்றார்கள். முதல் ஆளாக நின்ற அம்மா ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்: "இம்மாந் தண்ணி கெடந்து என்னங்க, ஒரு குழி நெலம் நட முடியாதே."

பதினேழா, பதினெட்டா

இனி வருவதுதான் என் உயிரை வாங்கிய டூர். மிராசுதார் வைத்திலிங்கம் அய்யா, பம்பாயிலிருந்து வரும் மகள் ஜானகிக்காக ஆகஸ்ட் மூன்றாம் தேதி கல்லணைக்குப் போக வேண்டும் என்றார். அவருடைய குத்தகைக்காரர் மாரிமுத்து, ஆடிப் பதினெட்டுக்குக் கல்லணைக்குப் போக வேண்டும் என்றார். அவர் மகள் மல்லிகா புதுப்பெண். தாலிச்சரடு மாற்றி, கல்யாண மாலையை ஆற்றில் விட வேண்டும். போன வருஷம் ஆடிப் பதினெட்டு இரண்டாம் தேதி வந்தது. இந்த வருஷமும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பெரிய மனிதர்கள் கூட்டம் கலைந்த மறுநாள் போகிறார்கள்போல என்று நினைத்தேன்.

இரண்டாம் தேதி விடிந்ததும் மாரிமுத்து வாசலில் போய் ஹாரன் அடித்தேன். பல் குச்சியோடு வெளியே வந்தவர், "இன்னிக்குப் பதினேழுதானேப்பா" என்றார். அப்படியானால் பதினெட்டு நாளைக்கு, மூன்றாம் தேதி. மிராசுதார் வீட்டு டூரும் அன்றைக்கேதான். இந்த இரண்டு வீட்டுக்கும் நிலத் தாவா கோர்ட்டில் கிடந்தது, தீர்ப்பு வரும்வரை எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு. குத்தகைப் பதிவில் மாரிமுத்து பெயர் ஏறியதிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. தஞ்சாவூர் வரை போய் வேறு வண்டி தேடினேன், ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வண்டியும் சும்மா இல்லை. யாரை விட்டுவிட்டுப் போனாலும் நான் மற்றவர் பக்கம் என்றாகிவிடும். சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னிடம் என் மனைவி இந்திரா சொன்னாள்: "சொன்னா ரெண்டு பேருமே ஏற மாட்டாங்க. சொல்லாம ஏத்துங்க."

ஏறியவர்கள்

மாரிமுத்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தினேன். வைத்திலிங்கம் அய்யா ஒரு காலைப் படியில் வைத்தவர், உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றார். தேதி குழம்பிய கதையைச் சொன்னேன். "நாங்க முன்னாடியே ஏறிட்டோம். இறங்கறதா இல்லை" என்றார் மாரிமுத்து, ஜன்னலைப் பார்த்தபடி. "யாரும் இறங்க வேணாம். நானும் ஏறாம இருக்கப் போறதில்லை" என்றார் அய்யா, கதவைப் பார்த்தபடி.

யார் இறங்கினாலும் தோற்றுப்போனதாக அர்த்தம். ஆகவே யாரும் இறங்கவில்லை. வலது வரிசையில் ஒரு குடும்பம், இடது வரிசையில் ஒரு குடும்பம், நடுவில் தேங்காய்ப் பை. ஜானகி அப்பாவின் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்: "கோர்ட்டுல சொன்ன மாதிரியே இருக்கட்டும்ப்பா. இருக்கறவங்க இருக்கற எடத்துல இருக்கட்டும்."

மதகு

கல்லணையில் கூட்டம் நெரித்தது. மல்லிகாவைப் படியில் வழுக்காமல் பிடித்துக்கொண்டு இறங்கியது ஜானகிதான். மாலை தண்ணீரோடு போனதைப் பார்த்த பிறகே எனக்குப் பாதி உயிர் வந்தது. பெண்கள் சித்ரான்னத்தை மாற்றி மாற்றிப் பரிமாறிக்கொண்டார்கள். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு தூணடியில் முதுகைக் காட்டிச் சாப்பிட்டார்கள்.

ஊர் நெருங்கும்போது "மதகுகிட்ட நிறுத்து" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. பிரேக்கை மிதித்தேன். மதகுக்குக் கீழேதான் அந்தத் தாவா நிலம். இவ்வளவு நேரம் அடக்கிய சண்டையை இங்கே வைத்துக்கொள்ளப் போகிறார்கள், அதற்கு ஆள் கொண்டுவந்து இறக்கியவன் நான் என்று நாளைக்கு ஊர் சொல்லும்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதம். நாற்றங்கால் காய்ந்து கிடந்தது. அன்றைக்குத்தான் தண்ணீர் வந்து மதகில் முட்டிக்கொண்டு நின்றது, பலகை சேற்றில் இறுகியிருந்தது. மாரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி இழுத்தார், அசையவில்லை. வைத்திலிங்கம் அய்யா செருப்பைக் கழற்றினார். இறங்கி மறுமுனையைப் பிடித்தார். பலகை மேலே வந்தது. தண்ணீர் சலசலவென்று நிலத்துக்குள் ஓடியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரிமுத்துதான் முதலில் பேசினார்: "கேஸு யாரு ஜெயிச்சாலும் தண்ணி பாயணும்ல."

இறங்கியவர்கள்

அதோடு சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. மறு வாய்தாவுக்குத் தனித்தனி பஸ்ஸில்தான் போனார்கள். ஆனால் அன்று சாயங்காலம் வாசலில் இறங்கியபோது அய்யா என்னை ஓரமாக அழைத்தார். வண்டி வேலை இத்தோடு முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன். "அடுத்த ஆடிக்கும் நீதான் வரணும். அவனை மட்டும் ஏத்தாதே" என்றார். மாரிமுத்து வாசலில் மல்லிகா பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என் தோளில் கை வைத்து, யாரும் கேட்காத குரலில் சொன்னார்: "அடுத்த ஆடிக்கும் நீதாம்ப்பா வரணும். அவரை மட்டும் ஏத்தாதே."

அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்: எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடியும் கோர்ட்டுக்குப் போகாத ஒரே சொத்து என் வேன்தான்.