இருபத்து நான்கு கிலோ, கூலி இலவசம்

பீரோக்காரர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவர் ஒரு பீரோகூட விற்றதில்லை. இரும்பு அலமாரி செய்யும் பட்டறையில் பதினெட்டு வருஷம் பூட்டு பொருத்தினார். ஒரு மத்தியானம் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை முற்றிப்போய், கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது ஆறு வருஷமாக அவருக்குச் சோறு போடுவது கையிலிருக்கும் போன்தான். இடிக்கிற வீடுகளுக்குப் போய்ப் பழைய பூட்டு, கைப்பிடி, கீல், சின்ன இரும்புப் பெட்டி என்று வாங்கி வருவார். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பார், சாவி இல்லாததற்குச் சாவி செய்வார், படம் எடுத்து இணையத்தில் இருக்கும் ஏலச் சந்தையில் போடுவார். எங்கெங்கோ இருப்பவர்கள் போட்டி போட்டுக் கேட்பார்கள். அதிக விலை கேட்டவருக்குப் பொருள். வீட்டில் இரண்டே அறை. முன் அறையில் பாதி அவருடைய இரும்பு, மீதிப் பாதி அவர் மனைவியின் தையல் மிஷின். துணியில் துரு பட்டால் அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

வியாபாரத்தில் அவருக்கு இரண்டு பிடிவாதம். எந்தப் பொருளாக இருந்தாலும் ஏலம் ஒரு ரூபாயில்தான் ஆரம்பிக்க வேண்டும். நூறு இல்லை, பத்து இல்லை, ஒன்று. "நான் விலை சொன்னா அது என் ஆசை. நாலு பேர் ஏத்தி விட்டாத்தான் அது பொருளோட விலை" என்பார். இரண்டாவது, அனுப்புகிற கூலி தனி. லாரிக்காரன் எவ்வளவு கேட்கிறானோ அவ்வளவு. சாக்குக்கும் கயிற்றுக்கும்கூட ஒரு காசு கூட்ட மாட்டார். கூலி தன்னுடைய காசு இல்லை, அதைத் தன் விலையோடு கலப்பது பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி என்பது அவர் கட்சி.

இந்த நேர்மைதான் அவர் கழுத்தைப் பிடித்தது.

ஒரு ஜோடி கீல் நாற்பதுக்குப் போனது. வாங்கியவர் இருப்பது எங்கோ தூரத்து ஊர். கூலி நூற்றுப் பத்து வந்தது. 'நாற்பது என்று ஆசை காட்டி நூற்றைம்பது பிடுங்குகிறான், ஏமாற்றுக்காரன்' என்று அந்த ஆள் சந்தைக்குப் புகார் எழுதினார். அடுத்த மாதமே இன்னொருவர் அதே மாதிரி எழுதினார். செவ்வாய்க்கிழமை காலையில் சந்தையிலிருந்து ஒரு கடிதம் வந்து போனில் உட்கார்ந்திருந்தது. கூலி பற்றி மூன்றாவது புகார் வந்தாலோ, விற்ற பொருளைக் கொடுக்காமல் விட்டாலோ, சந்தையில் அவர் கடை மூடப்படும், திறக்கப்படாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் எந்தப் பட்டறைக்காரன் கதவைத் திறப்பான்?

"நான் ஒரு காசாவது கூடுதலா வச்சேனா?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

அவள் மிஷினை நிறுத்தவில்லை. "வைக்கலைங்க. ஆனா அவங்களுக்கு அது தெரியுமா? தைக்கக் கொண்டு வர்றவங்ககிட்ட துணிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, பட்டனுக்கு இவ்வளவுன்னு நான் தனித்தனியா கேட்டா என்ன ஆகும்? துணியைச் சுருட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க. மொத்தமா ஒரு விலை சொல்லுங்க."

"பக்கத்துத் தெருவில இருக்கறவனும், பத்து மணி நேரம் தள்ளி இருக்கறவனும் ஒரே கூலி கொடுக்கணுமா? அது நியாயமா?"

"நியாயத்தை எடைபோட்டு யாரும் வாங்க வர்றதில்லைங்க."

கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்திலேயே போனை எடுத்தார். அன்றைக்குப் போட வேண்டிய சரக்கு ஒரு இரும்புப் பெட்டி. இருபத்து நான்கு கிலோ, நாலு கால், இரட்டைச் சுற்றுப் பூட்டு. ஒரு வாரமாக அதன் பூட்டோடு மல்லுக்கட்டிச் சரி செய்திருந்தார். 'அனுப்பும் கூலி இலவசம்' என்ற கட்டத்தை வெறுப்போடு அழுத்தினார். "போதுமா, உன் ஆசைப்படியே இலவசம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கை கழுவி வருவதற்குள் முதல் ஆள் விலை கேட்டுவிட்டிருந்தார். அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தார். கூலியை எடுத்தவர், அந்தக் கூலியை விலையில் ஏற்றவில்லை. விரல் பழக்கத்தில் ஆரம்ப விலையை ஒன்று என்றே போட்டிருந்தது. ஒருவர் கேட்டுவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. அது சந்தையின் சட்டம்.

அந்த மூன்று நாளும் அவர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு நடந்தார். தேய்த்த பூட்டையே திரும்பத் தேய்த்தார். விலை நூற்று இருபது. அப்புறம் முன்னூறு. இரண்டாம் நாள் நானூற்றைம்பதில் போய் நின்றது நின்றதுதான். கேட்டவர் எந்த ஊர் என்று ஏலம் முடிகிறவரை காட்டவும் மாட்டார்கள்.

"கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க நடக்கறதுல எனக்குத் தையல் கோணுது" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி; பார்சல் அலுவலகத்தில் எடை போட்டு ரசீது எழுதுகிறவன். பெட்டியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"மாமா, இதை நாலு மணி நேர தூரம் அனுப்பினாலே எங்க ஆபீஸ்ல ஆயிரத்து நூறு வாங்குவாங்க. மரச்சட்டம் வேற அடிக்கணும்."

"தெரியும். என் புண்ணுல விரலை விடாத."

"ஒரு வழி இருக்கு. என் போன்லேர்ந்து நான் கொஞ்சம் ஏத்தி விடறேன். எதிராளியும் ஏறுவான். அறுநூறு, எழுநூறு, ஆயிரத்து ஐநூறுல நான் இறங்கிக்கறேன். எல்லாரும் பண்றதுதான்."

பீரோக்காரர் நடையை நிறுத்தினார். ஒரு கணம் அவர் கை மச்சான் போன் பக்கம் நீண்டதை மனைவி பார்த்தாள். பிறகு அந்தக் கையால் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"என் பொருளுக்கு நானே ஆள் வச்சுக் கேக்கறதா? அப்புறம் அவன் எழுதினானே ஏமாத்துக்காரன்னு, அது சரின்னு ஆயிடும்டா."

"அப்ப நஷ்டப்படுங்க."

"படறேன். நீ கிளம்பு. ஆபீஸ்ல ரசீது எழுத ஆள் இல்லாம தவிச்சிக்கிட்டிருப்பாங்க."

மாலை ஆறு மணிக்கு ஏலம் முடிந்தது. கடைசி நேரத்தில் யாரோ இரண்டு பேர் போட்டி போட்டதில் எழுநூறு. கேட்டது பெண்கள் விடுதி நடத்தும் ஒரு அம்மா. ஊர் பஸ்ஸில் நாலு மணி நேரம். அந்த எழுநூறும்கூடப் பொருள் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் சரி என்று அழுத்திய பிறகுதான் சந்தை விடுவிக்கும். லாரிக்குக் கட்ட ஆயிரத்து நூறு இப்போது வேண்டும். அவரிடம் அவ்வளவு இல்லை. மச்சானிடம் கேட்கலாம், கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

"நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

மனைவி மிஷினை நிறுத்தினாள். "உங்க இடுப்பு?"

"அது என் கூடத்தான் வரும். அதுக்குத் தனி டிக்கெட் கிடையாது."

அவள் துணி மூட்டையைப் பிரித்தாள். மீந்த கெட்டித் துணியை நாலு மடிப்பாக மடித்து, தோளில் மாட்ட இரண்டு பட்டை தைத்துக் கொடுத்தாள். பெட்டியின் மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டினாள். காலையில் வாசல்வரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பஸ் படியில் ஏறும்போதே பெட்டியின் கால் ஒன்று 'டங்' என்று கம்பியில் மோதியது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் கொடுத்த பிறகு, பெட்டியை ஒரு கையால் நகர்த்தப் பார்த்தார். அது அசையவில்லை.

"இதுக்குத் தனி டிக்கெட்."

"ஏறினது நான் ஒரு ஆள்தானே?"

"நீங்க ஒரு ஆள். இது ஒரு ஆள்."

பீரோக்காரருக்குச் சுள்ளென்று வந்தது. "எழுதி ஒட்டியிருக்கற காசைக் கொடுத்துட்டேன். அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை கை நீட்டறீங்க? மொதல்லயே எல்லாத்தையும் சேத்து ஒரே விலையா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

கண்டக்டர் நிதானமாகச் சொன்னார். "கையை வீசிக்கிட்டு வர்றவரு உங்க பெட்டிக்கும் சேத்துக் கொடுக்கணுமா? அது நியாயமா சார்?"

பீரோக்காரர் வாயைத் திறந்தார். அந்த ஆள் பேசியது அவருடைய வார்த்தை. செவ்வாய்க்கிழமை வீட்டில் அவரே பேசியது. வாயை மூடிக்கொண்டு காசை எடுத்தார்.

"கொடுத்துட்டீங்கல்ல, சீட்டுல தூக்கி வையுங்க. ஜன்னலோரம் பாத்துக்கிட்டு வரட்டும்" என்றார் பின்சீட்டில் இருந்தவர். பஸ் பாதி சிரித்தது. பீரோக்காரர் வெளியே பார்த்தார். நியாயம் கண்டக்டர் பக்கம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. நியாயமாக வாங்கின காசு இப்படியா எரிக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தார். அந்தக் கீல் வாங்கின ஆளுக்கும் இப்படித்தான் எரிந்திருக்குமோ?

விடுதி ஒரு சந்துக்குள் இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு இடத்தில் இறக்கி வைத்து, நாலு இடத்தில் தூக்கினார். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. இவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"பார்சலா? மூணாவது மாடி."

"அம்மா, வாசல்வரைக்கும்தான்…"

"கூலி இலவசம்னு போட்டிருந்துச்சே? வாசல்லயே இலவசம் முடிஞ்சிடுமா?"

அவருக்குத் திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் தோளில் ஏற்றினார். முதல் மாடியில் வேர்த்தது. இரண்டாவதில் இடுப்பு பேசியது. மூன்றாவதில் ஈரத்துணி காய வைத்திருந்த பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

பெட்டியைத் தரையில் வைத்ததும் அந்த அம்மா ஒரு விரலால் மூலையை அழுத்திப் பார்த்தார். பெட்டி ஆடியது.

"கால் நொண்டுதே."

பீரோக்காரர் குனிந்து பார்த்தார். பஸ் படியில் மோதிய கால். அந்த அம்மா கையில் போனை எடுத்துவிட்டார். 'சரி', 'புகார்' என்று இரண்டு கட்டம் திரையில் இருப்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம், அம்மா. அதை இப்ப அழுத்தாதீங்க."

"நீ யாருப்பா, பார்சல்காரன்தானே? உனக்கென்ன?"

"வித்தவனே நான்தான்."

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அதற்குள் இவர் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தார். தட்டினார், கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தார், மறுபடி தட்டினார். பதினெட்டு வருஷம் இரும்பைத் தட்டிய கை. நிமிர்த்தி வைத்தபோது பெட்டி அசையாமல் நின்றது. சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"இவ்வளவு தூரம் நீயே ஏன் சுமந்துக்கிட்டு வந்தே?"

"லாரிக் கூலி ஆயிரத்து நூறு. நீங்க கேட்ட விலை எழுநூறு."

"அப்ப பெட்டி எனக்குச் சும்மா வந்திருக்கு" என்றார் அந்த அம்மா. வெட்கப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

குடித்துவிட்டுப் பீரோக்காரர் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டி எழுநூறு, கூலி ஆயிரத்து நூறுன்னு தனியா போட்டிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். பொருளை விடக் கூலி அதிகம்னா என்னமோ தில்லுமுல்லுன்னுதான் தோணும்."

"இதையே ஆயிரத்து எண்ணூறு, கூலி இலவசம்னு போட்டிருந்தா?"

அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார். "அநியாய விலைன்னு திட்டியிருப்பேன். ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். அப்புறம் வாங்கியிருப்பேன்."

"ரெண்டும் ஒரே காசுதானே, அம்மா?"

"கணக்குல ஒண்ணுதான்பா. கேக்கறப்போ ஒண்ணு இல்லையே."

பிறகு திரையில் 'சரி' என்பதை அழுத்தி, நாலு நட்சத்திரம் போட்டார்.

"ஒண்ணு ஏன் குறைச்சீங்க?"

"கால் வளைஞ்சுதானே வந்துச்சு?"

பீரோக்காரர் கும்பிட்டுவிட்டு இறங்கினார். கடை பிழைத்தது. ஆனால் மனசு நிற்கவில்லை. இறங்கி வரும்போதே கை போனைத் தேடியது. மனைவி எடுத்தாள்.

"முடிஞ்சுது. சரின்னு போட்டுட்டாங்க. அதை விடு, காலையில ஒரு பித்தளைக் கைப்பிடி ஜோடி போட்டேனே, யாராவது கேட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க. இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. உன் போன்ல நம்ம கடையைத் திற, சீக்கிரம். கூலியைத் தூக்கிடு. ஆரம்ப விலையை மாத்து."

"எவ்வளவு?"

சந்தின் நடுவில் நின்றார். ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. கைப்பிடிக்கு எவ்வளவு? கிட்டத்து ஊருக்கு என்ன கூலி, தூரத்து ஊருக்கு என்ன கூலி, நடுவில் எங்கே நிற்பது? ஆறு வருஷத்தில் ஒரு பொருளுக்கும் அவர் வாயால் விலை சொன்னதில்லை. நானூறு என்று ஆரம்பித்தார். அதிகம் என்று அவரே குறைத்தார். முன்னூறு என்றார். தூரத்து ஊராக இருந்தால் கைப்பிடி சும்மா போய்விடும் என்று மறுபடி ஏற்றினார்.

"முன்னூத்தைம்பது போடறேன்" என்றாள் அவள். "இல்லைன்னா சந்துலயே குடியிருப்பீங்க."

"போடு. ஆனா இலவசம்னு மட்டும் விட்டுடாதே. அது பொய். கூலியும் இந்த விலைக்குள்ளதான்னு கீழே ஒரு வரி எழுது."

"எழுதினா யார் படிப்பா?"

"படிக்காட்டி போகட்டும். எழுது."

அவள் எழுதுவது கேட்டது. நகம் திரையில் தட்டும் சத்தம். பஸ் நிறுத்தத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, "அட, ஒருத்தர் கேட்டுட்டாருங்க" என்றாள்.

"முன்னூத்தைம்பதுக்கா? எந்த ஊரு?"

"அது ஏலம் முடிஞ்சாத்தானே காட்டும்?"

"தூரமா இருந்தா?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

பஸ் வந்தது. பாதிக்குமேல் காலியாக இருந்தது. அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு, வீடு வரைக்கும் நின்றபடியே போனார்.