மூன்றாவது கேசட்

எல்லை தாண்டியதாகச் சில படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த நாள் அது. என் கணவரும், எதிர்வீட்டு செல்வி அக்காவின் கணவரும் வேறு வேறு படகில் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். இருவருக்கும் போன் போகவில்லை. நான் டிவி முன்னால் உட்காருவதும் வாசலுக்கு ஓடுவதுமாக இருந்தேன்.

உள்ளே வந்த அக்கா செய்தியை நிறுத்தினார்.

"இதையே பாத்தா பைத்தியம் புடிச்சுரும். ஒன் வீட்டுக்காரரு ஆடுவாருல்ல, அந்தப் பழைய வீடியோ கேமைப் போடு."

பள்ளி நாட்களிலிருந்து கணவர் பத்திரமாக வைத்திருக்கும் கார் பந்தயம் அது; மூன்று பாகம், மூன்று கேசட். முதலாவதில் நேரான சாலை, அடுத்ததில் மழை. மூன்றாவதில்தான் இருவர் சேர்ந்து ஓட்டலாம். அதைப் போட்டு ஓட்டினோம். என் கண் போன் மேலேயே இருந்தது.

போன் அடித்தது.

"கட்டுமாவடியில கரை ஏறிட்டோம். பயப்படாத" என்றார் கணவர்.

அழுதுகொண்டே செருப்பை மாட்டினேன்.

"போ, போயிப் பாத்துட்டு வா" என்று அக்கா சிரித்தார். அவர் விரல் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. திரையில் அவர் கார் சுவரில் மோதி எப்போதோ நின்றிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவரு இங்கிட்டுத்தான வருவாரு. இன்னொரு ஆட்டம் போடுவோங்க்கா."

அவர் கணவர் பிடிபட்டது மறுநாள்தான் உறுதியானது. பல வாரம் கழித்து நல்லபடியாக ஊர் திரும்பினார்.

தன் பயத்தை அடக்கிக்கொண்டு என்னைத் தேற்றியவரை, என் பயம் தீர்ந்ததும் விட்டுப் போகப் பார்த்தேன். அது இன்னும் உறுத்துகிறது.