எழுந்து போகும்போது சொல்கிற வியாதி

எங்கள் மருத்துவக் கல்லூரியில் எனக்கு ரொம்பப் பிடித்த நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. அதன் விலையைக் கேட்டால் நமக்குத்தான் மயக்கம் வரும். ஒரு பட்டனைத் தட்டினால் மூச்சு இரைக்கும், இன்னொன்றைத் தட்டினால் இதயம் தடதடக்கும். எதிர்த்துப் பேசாது. அதனிடம் நான்தான் கெட்டிக்காரி.

வினை தேர்வில் வந்தது. நோயாளியிடம் எங்களுக்குப் பேசத் தெரிகிறதா என்று பார்க்க, நோயாளி மாதிரி நடிக்க ஆள் கூட்டிவருவது இப்போதைய முறை. வந்தவர் எங்கள் ஊரான விருத்தாசலத்து அக்கா ஒருவர். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். மூலையில் மார்க் போடும் மேடம் டேப்லெட் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னால் ஒரு டிக், அனுமதி கேட்டால் ஒரு டிக். அக்காவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதாகக் கதை. மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதை மணி அடிப்பதற்குள் நான் கறந்துவிட வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை இதில் கோட்டை விட்டவள் நான். இந்தத் தடவையும் போனால் தோழிகள் அடுத்த வருடத்துக்குப் போவார்கள், நான் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான்.

"முட்டி வலிம்மா. ஆமா, நீ மெடிக்கல் கடைக்காரரு பொண்ணுதானே? எளச்சிப் போயிட்டியே, ஆஸ்டல் சோறு சரியில்லியா?"

"மாத்திரைல்லாம் ஒழுங்கா சாப்புடுறீங்களாக்கா?"

"வேளாவேளைக்கு முழுங்குறேனே!"

நடிக்கச் சொன்னார்கள், இந்த அம்மா வாழ்ந்தே காட்டினார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஆனால் நான் அப்பாவின் மருந்துக் கடையில் வளர்ந்தவள். எங்கள் ஊர்க்காரர்கள் தைலம் கேட்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், படி இறங்கிச் செருப்பை மாட்டுவார்கள். பிறகு திரும்பி, "அப்பறம்ண்ணே..." என்பார்கள். வந்த காரியமே அதுதான்.

ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "சரிங்கக்கா, அவ்ளோதான். போயிட்டு வரேன்."

மேடம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நான் திரைச்சீலை வரை போய்விட்டேன்.

"யம்மா..." என்றார் அக்கா.

சிக்கியது மாத்திரை! உள்ளுக்குள் குதித்தேன்.

"ஒண்ணுமில்ல... மாருல சின்னதா ஒரு கட்டி இருக்குது. வலியெல்லாம் இல்ல."

மேடம் டேப்லெட்டில் மேலும் கீழும் தேடினார். "இது நாங்க சொன்ன கதையில இல்லியேம்மா?"

"கதையில இல்லீங்க. எனக்கே இருக்குது. வூட்ல யாருகிட்டயும் சொல்லல."

மணி அடித்தது. உடனே அடுத்த தேர்வு அறைக்கு ஓடினால் மிச்ச மார்க்காவது தேறும். பாழாய்ப்போன கால் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைவிட எனக்குத்தான் பயமாக இருந்தது. மேடம் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சர்ஜரி டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மாத்திரைக்கான டிக் விழவே இல்லை. கம்ப்யூட்டர் ஈவு இரக்கமில்லாமல் ஃபெயில் போட்டது. ஜூனியர்கள் என்னைப் 'பெரியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், தடிக்கழுதைகள்.

அடுத்த வருடத் தேர்வுக்கும் அதே அக்கா வந்தார். ஆபரேஷனும் மருந்தும் முடிந்து, தலையில் குட்டையாகப் புது முடி முளைத்திருந்தது.

"முட்டி வலிம்மா" என்று ஆரம்பித்தார்.

நான் சட்டென்று எழுந்தேன்.

"உக்காருடி" என்று சிரித்தார் அக்கா. "இந்தத் தடவ மாத்திரைய நிறுத்துனது மட்டுந்தான்."

மேடம் அதற்கும் டிக் போட்டார்.